கோதண்டம் வெட்டி எறிந்த சிரிப்பு

பேசும் படங்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். மௌனப் படக்காரர்கள் பலர் தொழிலை மூட்டை கட்டிவிட்டார்கள். வேலூரில் போட்டோ பிடித்துக்கொண்டிருந்த என் நண்பர் கோதண்டம் மட்டும், எந்தக் கம்பெனி தயவும் இல்லாமல், கையால் சுற்றும் ஒரே காமிராவோடு நான்காவது சிரிப்புப் படத்தை முடித்திருந்தார். கதை, டைரக்‌ஷன், நடிப்பு எல்லாம் அவரே. ஆம்பூர் கூடாரக் கொட்டகையில் முதல் காட்சி என்று சொல்லியனுப்பினார். தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை வேலூரிலிருந்து கிளம்பினேன்.

காட்பாடி ஸ்டேஷன்வரை ஐந்து மைல் ஜட்கா, நாலணா. அங்கிருந்து பாசஞ்சரில் முப்பத்திரண்டு மைல். ஒன்றே முக்கால் மணி நேரம். (எங்கேயும் கூட்டமில்லை, கரிப்புகைதான் ஜாஸ்தி.)

ஆறரைக்குப் படம். தரை ஓரணா, பெஞ்சு இரண்டணா. கோதண்டம் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார். முந்தைய படங்களில் எல்லாம் அடி, உதை வாங்குகிறவர் அவர்தான். இதில் தோல் பதனிடும் ஷாப் கூலிக்காரன் ஒருவன் கல்யாணத்துக்கு வருகிறான். பந்தியே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது. பெஞ்சுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். தரையில் சத்தமே இல்லை.

அங்கிருந்து ஒரு பெண் எழுந்தார். தோல் ஷாப்பில் வேலை செய்யும் ரோசம்மா.

“இன்னா ஐயா, நாங்க ஓரணா குடுத்து வந்தது எங்க நாத்தத்தைப் பாக்கவா?”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னாலேயே இருபது பேர் போனார்கள். கோதண்டம் திரையோரத்திலிருந்து விலகி வந்துவிட்டார். மீதிப் படம் கதை சொல்ல ஆளில்லாமலே ஓடியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த ஷாப் வாசலில் நின்றோம். “தப்புதாம்மா. அந்தக் கட்டத்தை வெட்டிட்டேன்” என்று ரோசம்மாவிடம் சொன்னார் கோதண்டம்.

“வெட்டிட்டு இன்னா வெப்பீங்க?”

“தெரியலம்மா.”

“உள்ள வந்து பாருங்க, தெரியும்.”

உள்ளே படம் பிடிக்க முதலாளி சாயபு அனுமதி தந்தார். கோதண்டம் மைனர் வேஷத்தில், சென்ட் தடவிய கைக்குட்டையோடு உள்ளே நடந்தார். பத்தாவது அடியில் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் வழுக்கி, சேற்றில் மல்லாந்தார். ரோசம்மாவும் இரண்டு ஆட்களும் இழுத்துத் தூக்கினார்கள். காமிராவைச் சுற்றியவன் நான். சிரிப்பில் கை ஆடி, இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆம்பூர் போகிறவர்கள் காலை வண்டியில் போங்கள். ஷாப் பார்க்க விரும்பினால் முதலாளியிடம் முன்பே கேளுங்கள்; பழைய செருப்பு போதும்.

மூக்கைப் பொத்தும் கட்டம் இல்லாமல் படம் வேண்டாமென்று, அதை வாங்குவதாக இருந்த மதராஸ் வியாபாரி கைவிட்டார். கோதண்டமே ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். பேசும் படம் எடுக்க அவருக்குக் கடைசிவரை வாய்ப்பு வரவில்லை. வருத்தமில்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

“இல்லாம இருக்குமா? நல்லா சிரிச்சாங்கய்யா அந்தக் கட்டத்துக்கு” என்றார். “ஆனா அந்தம்மா எழுந்து போனப்ப, அவங்க இடுப்புல இருந்த கொழந்த என்னையே பாத்துக்கினு போச்சு.”