இலங்கை நாற்காலி

"மதினி, நீங்க வேலை பாக்குற எடத்துல என்னதான் செய்றாக?" என்று என் தம்பி மனைவி பாம்பனிலிருந்து டெல்லிக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

லோதி ரோடு பக்கம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் டீ, சாப்பாடு பார்த்துக்கொள்வது என் வேலை. வெளிநாட்டு விவகாரம் என்கிறார்கள். பக்கத்து நாடுகளெல்லாம் சேர்ந்து ரோடு போடலாமா, கரண்டைப் பகிர்ந்துகொள்ளலாமா, கடலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசுவார்கள். பேசியதை எழுதுவார்கள். எழுதியதைப் பற்றி மறுபடி கூடிப் பேசுவார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். பிராந்திய ஒருங்கிணைப்பு என்றால் என்ன என்று அங்கே ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப்பெண் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறாள். கேட்கும்போது புரிகிற மாதிரிதான் இருக்கும். பாத்திரம் கழுவப் போனால் போய்விடும்.

தம்பி மனைவி அன்றைக்குக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. என் தம்பி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். எல்லை தாண்டியதாகச் சொல்லி, அவன் போன போட்டை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. அதில் இருந்த எல்லோரும் அங்கே சிறையில் இருந்தார்கள். வாய்தா தள்ளிக்கொண்டே போனது.

"பெரிய பெரிய ஆளுக வருவாகல்ல, டீ குடுக்கும்போது ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"வேலைக்காரங்க அங்க வாயத் தொறக்கக் கூடாது."

"வாயத் தொறக்காம எப்புடி இம்புட்டு வருசமா இருக்கீக? எனக்குத் தெரிஞ்ச மதினி அப்படி இல்லையே."

அழுகைக்கு நடுவிலும் அவள் குத்தலை விடமாட்டாள்.

நான் அந்தோணியாரைத்தான் பிடித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைகளில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். தம்பியை விடச் சொல்லும் ஐயா என்று கேட்டேன். யாரிடம் சொல்லி விட வைப்பது என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும் என்றிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நிறுவனத்தில் ஒரு பெரிய கூட்டம் வந்தது. சுற்றியுள்ள நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்றார்கள். அதற்கு முந்தின நாள் ஒத்திகை. முட்டை வடிவ மேஜையைச் சுற்றி ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் நாட்டின் பெயர்ப்பலகை, சின்னக் கொடி, மைக். கேமரா சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க நாற்காலிகளில் ஆள் வேண்டும். கையில் கிடைத்த எங்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்தார்கள். டிரைவர் பங்களாதேஷில் போய்க் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். வாட்ச்மேன் மாலத்தீவில் விறைப்பாக உட்கார்ந்தார்.

"அரே பங்களாதேஷ் பையா, தோடா பீச்சே!" என்று கேமராக்காரர் கொஞ்சம் பின்னால் போகச் சொல்லிக் கத்தினார். எல்லோரும் சிரித்தோம்.

பேன்ட்ரி கதவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. "ஆன்ட்டி, ஜல்தி, நீங்க அங்க உட்காருங்க" என்றாள் தமிழ்ப்பெண். உட்கார்ந்த பிறகுதான் கொடியைப் பார்த்தேன். சிங்கம் போட்ட இலங்கைக் கொடி. எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் எங்கள் டைரக்டர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஒவ்வொரு நாட்டிடமும் கேள்வி கேட்டுப் பழகிப் பார்த்தார். நாங்கள் மைக்கைப் போட்டு ஏதாவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். டிரைவர் தன் ஊர் பஸ் நிலையங்களை வரிசையாகச் சொன்னார். என் முறை வருவதற்குள் மீனவர் பிரச்சினை என்ற பேச்சு காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற தமிழ்ப்பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இந்த நாற்காலில ஒக்காருறவங்க என்னம்மா சொல்லுவாங்க?"

"அதுவா ஆன்ட்டி? இந்தியாலேந்து பெரிய போட் வந்து கடலடியோட மீனை வாரி இழுக்குது, எங்க ஆளுங்களோட வலை எல்லாம் கிழிஞ்சு போகுது, அவங்களும் ஏழைங்கதான், தமிழ் பேசறவங்கதான். அப்படிச் சொல்வாங்க."

அவள் டெல்லியில் பிறந்த பெண். பரீட்சைக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள். எனக்கு அது புதிய செய்தி இல்லை. என் அப்பா வல்லத்தில், சின்ன நாட்டுப்படகில், கடலுக்குப் போனவர். எங்கள் கரை விசைப்படகுகளே அவர் வலையைக் கிழித்துக்கொண்டு போகும். அவர் மண்ணை வாரித் தூற்றியதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அவர் மகனே அந்த விசைப்படகில் கூலி. அப்படியென்றால் அவர் தூற்றியது யாரை? அதுவரை நான் இதை நினைத்ததே இல்லை.

"ஸ்ரீலங்கா, ஆப் க்யா கஹேங்கே?" என்றார் டைரக்டர், என்ன சொல்கிறீர்கள் என்று.

மைக்கை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "என் தம்பி..." என்று வாயெடுத்துவிட்டு, நான் இப்போது இலங்கை அல்லவா என்று நிறுத்தினேன். பிறகு என்ன வந்ததோ, "சோட் தேங்கே ஜி. சப்கோ சோட் தேங்கே" என்றேன். விட்டுவிடுகிறோம், எல்லோரையும் விட்டுவிடுகிறோம் என்று.

ஒரே சிரிப்பு. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இவ்வளவு சுலபமாக இருந்தால் நம் கடையைச் சாத்திவிட்டுப் போகலாமே!" என்று ஹிந்தியில் சொன்னார். சவுண்டு ஓகே என்றார் கேமராக்காரர். நான் டீ வைக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன். அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் அந்த நாற்காலிக்கு உரியவர் வந்தார். நரைத்த தலை, கசங்கிய கோட்டு. அரசாங்க மனிதர், பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டேன். இடைவேளையில் அவர் நேராக என் மேஜைக்கு வந்து, "பால் வேண்டாம் அம்மா, பிளேன் டீ. சீனி கொஞ்சம் கூடப் போடுங்கோ" என்றார். தமிழ்! அதுவும் எங்கள் ஊரில் சொல்வது போலச் சீனி. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நீங்கள் எவடம் அம்மா?"

"பாம்பன் ஐயா."

"அப்ப எங்களுக்குப் பக்கத்துச் சனம்தானே!"

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "என் தம்பி உங்க ஊர்லதான் ஐயா இருக்கான். ஜெயில்ல. போட்டுல கூலிக்குப் போனவன். நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க."

அவர் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"நான் வெறும் வாத்தியார் அம்மா. பல்கலைக்கழகத்தில படிப்பிக்கிறன். என்ர கதையை எந்த அரசாங்கம் கேக்குது?" என்றார். பிறகு குரலை இறக்கினார். "என்ர மச்சானும் கடலுக்குப் போறவர்தான். போன மாசம் அவற்ற வலை முழுக்கப் போச்சுது. நான் டெல்லிக்கு வெளிக்கிட, அந்த ஆக்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வா எண்டவர். நானும் ஆரிட்டச் சொல்லுறது எண்டு வந்த நேரந்தொட்டுப் பாக்கிறன்." கொஞ்சம் சிரித்தார். "இப்ப உங்களிட்டச் சொல்லியாச்சு."

மணி அடித்தது. அவர் கோப்பையோடு உள்ளே போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமா, பாவமா? இரண்டும்தான் வந்தது. கிழிந்த வலைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவர்தான் என் தம்பிக்கு என்ன செய்வார்?

சில வாரம் கழித்துத் தம்பியை விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள், யார் சொல்லி விட்டார்கள், எனக்குத் தெரியாது. நான் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினேன். தம்பி மனைவியோ, "நீங்க சொன்னதுதான் மதினி" என்றாள். நான் ஒன்றும் செய்யவில்லை, ஒரு வாத்தியாரிடம்தான் சொன்னேன் என்றேன். "ஒங்களுக்கு எப்பவும் அடக்கந்தான்" என்றாள். முன்பு வாயைப் பற்றிச் சொன்னவளும் அவள்தான்.

அடுத்துத் தம்பி போனை வாங்கினான். "அக்கா, போட்டு அங்கேயே நிக்குது. அது வந்தாத்தான் வேலைன்னு மொதலாளி சொல்லிட்டாரு. அதையும் கேட்டு விடுங்க."

"வேற தொழில் பாக்கலாம்லடா."

"எங்க, டெல்லியிலயா? ஒங்க ஆபீசுல டீ ஊத்தவா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசையில் முழங்கால் போட்டேன். அந்தப் போட்டு திரும்பி வந்தால் தம்பி வீட்டில் அடுப்பு எரியும். போட்டு வந்தால் அந்த வாத்தியாரின் மச்சான் வலை என்ன ஆகும்? அவரும் அக்கரையில் இதே அந்தோணியாரிடம்தான் கேட்பாராக இருக்கும். போட்டை விடச் சொல்லும் ஐயா என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. வலையைக் காப்பாற்றும் என்று வாய் தானாகச் சொன்னது. இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வார்? எங்கள் நிறுவனத்தில் இவ்வளவு பேர் இத்தனை வருடமாகப் பேசுகிறார்கள், அவர்களுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதையும் அந்தோணியாரிடமே சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

தம்பி விடவில்லை. மறுபடி கூப்பிட்டான்.

"கேட்டீகளாக்கா?"

"கேட்டேன்டா."

"என்ன சொன்னாக?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றேன்.