ஒரு டாலர் மாலுமி

கப்பலின் அடிவயிற்றில் வேலை பார்த்தவர்கள் கடலைப் பார்த்ததில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரும்பேணியில் முதுகுப்பக்கமாக இறங்கி, கொதிகலன்களுக்கு முன்னால் இருந்த அந்தக் குறுகிய சந்தில் நின்றபோது எனக்கே தெரிந்தது. நாலு பக்கமும் இரும்பு. தலைக்கு மேலே, கிணற்றுக்குள் நின்று பார்ப்பதுபோல ஒரு துண்டு வெளிச்சம். கடல் பக்கத்துத் தகட்டுக்கு அந்தப்புறம், ஒரு விரல் கனத்துக்கு அப்பால் இருந்தது. உள்ளங்கையை வைத்தால் அதன் குளிர் தெரிந்தது. அவ்வளவுதான். இப்படி ஒரு கடலை நானும் அறிவேன் என்று நினைத்துக்கொண்டேன். கலிபோர்னியாவுக்கு வந்த பிறகு நான் பார்த்த அமெரிக்காவும் அப்படித்தான் இருந்தது. ஜன்னலில் கை வைத்தால் குளிரும்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ஃப்ரீமான்ட்டில் இரண்டாவது மாடியில் ஒரு அபார்ட்மென்ட். கணவருக்கு வேலை செய்யும் விசா, எனக்கு அவருடைய மனைவியாக இருக்கும் விசா. அந்த விசாவில் தங்கலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம், நூலகத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிக்கலாம். சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது. ஊரில் கல்லூரிப் பெண்களுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவள், இங்கே பாத்திரம் கழுவும் மெஷினின் இரைச்சல் எந்தச் சுதியில் இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். க்ரீன் கார்டுக்கு மனு போட்டிருந்தது. வரும் வரும் என்று சொன்னார்கள். வரிசை என்ற சொல்லுக்கு ஒரு முடிவு உண்டு என்று அதுவரை நம்பியிருந்தேன்.

மகளின் பள்ளியிலிருந்து ரிச்மண்டில் ஒரு பழைய சரக்குக் கப்பலைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகளை மேய்க்க அம்மாக்கள் யாராவது வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பகலில் சும்மா இருந்த அம்மா நான் ஒருத்திதான். கப்பலின் ஏறுபலகையருகே ஓர் அட்டை தொங்கியது: தன்னார்வலர் தேவை, அனுபவம் வேண்டாம். அனுபவம் வேண்டாம் என்று என்னிடம் சொன்ன முதல் இடம் அது.

விரிகுடாவின் கரையோரம் ஓடும் ரயிலுக்கு ஃப்ரீமான்ட் ஒரு முனை, ரிச்மண்ட் மறுமுனை. செவ்வாயும் வியாழனும் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, முனையிலிருந்து முனைவரை போனேன். அங்கிருந்து ஒரு பஸ். பிறகு கையுறை, கண்ணாடி, துரு கொத்தும் சுத்தியல். கொத்த வேண்டும், கம்பித்தூரிகையால் தேய்க்க வேண்டும், சிவப்பு முதற்பூச்சு அடிக்க வேண்டும். அடித்து முடித்துத் திரும்பினால் முன்பு முடித்த இடத்தில் துரு எட்டிப் பார்க்கும். சமையலறை வேலை மாதிரிதான். ஆனால் இது காற்றில் நடந்தது.

தன்னார்வலர்களுக்கு மேஸ்திரி ஒரு பெண்மணி. என்னைவிடச் சில வயது மூத்தவள். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவள், குதிரைபோலச் சிரிப்பவள். தூத்துக்குடிப் பக்கம் மாலுமிகளை நடத்துகிறவரைச் சாரங்கு என்போம். மனதுக்குள் அவளுக்கு அந்தப் பேரையே வைத்தேன். ஒருநாள் வாய்தவறிச் சொல்லியும்விட்டேன். அர்த்தம் கேட்டாள், சொன்னேன். மறுநாள் தன் தலைக்கவசத்தில் அதை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கப்பல் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. வடக்கேயிருந்து மரமும் டின்னில் அடைத்த மீனும் கொண்டுவந்தது, திரும்பும்போது சிமென்ட், கோதுமை மூட்டை, என்ன கிடைக்கிறதோ அது. முதலில் நிலக்கரி, பிறகு எண்ணெய். நிலக்கரிக் காலத்தைத்தான் நான் சாரங்கைத் துளைத்துத் துளைத்துக் கேட்பேன். அடுப்புக்காரன் நாலு மணி நேரம் நெருப்பின் முன் நிற்பான், எட்டு மணி நேரம் விழுந்து கிடப்பான், மறுபடி நாலு. அவனுக்கும் கீழே ஒருவன், கரி தள்ளுகிறவன். கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கரியை அடுப்புவாய்வரை கொண்டுவருவது அவன் பாடு. இடப்பக்கக் கிடங்கிலும் வலப்பக்கக் கிடங்கிலும் சமமாக எடுக்க வேண்டும். ஒரு பக்கமே எடுத்தால் கப்பல் சாய்ந்துவிடும். பயணம் நீள நீள, கரி பின்வாங்கிக்கொண்டே போகும், அவன் நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போகும். கரை நெருங்கும்போதுதான் அவனுக்கு வேலை அதிகம். பெயரும் முகமும் தெரியாத அவனை நான் ரயிலில் கூடவே வைத்துக்கொண்டு வீடு திரும்புவேன். கடலின் நடுவில், கடலைக் காணாமல், கப்பல் சாயாதபடி பார்த்துக்கொள்கிறவன்.

துணி துவைக்கும் அறையில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பிடித்துக்கொண்டார்.

"நீ ஏதோ கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கப் போறியாமே? ஃப்ரீயாவா?"

"ஆமா ஆன்ட்டி."

"அப்போ எங்க பாத்ரூமையும் கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்மா!"

"உங்க பாத்ரூம் மிதக்குமா ஆன்ட்டி? மிதந்தா சொல்லுங்க, வரேன்."

மகள் என் கழுத்தில் மூக்கை வைத்து, "அம்மா, யூ ஸ்மெல் லைக் எ கார்," என்றாள். கணவர் மட்டும் சட்டம் பார்த்தார்.

"காசு எதுவும் வாங்கலயே?"

"இல்லங்க."

"அப்ப அது வேலை இல்ல. ஹாபி. நோ ப்ராப்ளம்."

"அப்ப வீட்டுல நான் பண்றதெல்லாம்?"

கொஞ்சம் யோசித்தார். "லீகலா பாத்தா... அதுவும் ஹாபிதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திவிட்டார்.

கப்பலின் விலாவில் ஒரு வட்டமும் சில கோடுகளும் வரைந்திருக்கும். இதற்கு மேல் சுமை ஏற்றாதே என்று சொல்கிற கோடுகள். நான் பார்த்தபோது அவை தண்ணீரைவிட்டு வெகு உயரத்தில் இருந்தன. சுமை இல்லாத கப்பல் அளவுக்கு மீறி மேலே எழும்பி நிற்கும், லேசான காற்றுக்கும் கட்டியிருக்கும் வடங்களை இழுக்கும். அந்தக் கோட்டுக்குப் புது வெள்ளை அடித்தது நான்தான். ஒரு மத்தியானம் முழுக்க, தொங்குபலகையில் உட்கார்ந்து, கால் தண்ணீருக்கு மேல் ஆட.

ஒரு வியாழன் சாரங்கு எல்லாரையும் கப்பலின் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். அடித்தகடு செப்பனிட வேண்டியிருந்தது. ஓர் இழுவைப் படகு கப்பலை விரிகுடாவின் குறுக்கே சான்பிரான்சிஸ்கோவின் உலர்துறைக்கு இழுத்துப் போகப்போகிறது. பல வருஷமாகக் கட்டிக்கிடந்த கப்பல் நகரப்போகிறது. நானும் அதில் இருக்க வேண்டும். ஒரு காலைப்பொழுது, தளத்தில் நின்று, கரை என்னைவிட்டு விலகுவதைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அந்த நாட்டிடம் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். இழுத்துப் போகும்போது சம்பளத்துக்கு இருப்பவர்கள் மட்டுமே கப்பலில் இருக்கலாம்.

சாரங்கு கண்ணடித்தாள். அந்தக் காலத்துச் சரக்குக் கப்பலில் பயணிகளை ஏற்ற அனுமதி கிடையாது. யாராவது ஊர் போக ஆசைப்பட்டால் கப்பல்காரர்கள் அவரைப் பேருக்கு ஒரு சில்லறைச் சம்பளத்தில் மாலுமியாக எழுதிக்கொள்வார்களாம். அவர் துடைப்பத்தைக்கூடத் தொட வேண்டாம்.

"அதையே பண்ணிருவோம். எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு டாலர். உன்னை உதவிச் சமையல்காரின்னு எழுதிக்கவா?" என்றாள் ஆங்கிலத்தில்.

"சமையல்காரி வேண்டாம். கரி தள்ளுற ஆள்னு எழுதுங்க."

குதிரைச் சிரிப்பு. "கரியே இல்லையே!"

"அதனாலதான் கேக்கறேன்."

வீடு வந்து சேரும்வரை ரயில் மிதந்தது. அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை. சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். கணவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு டாலரா?"

"ஒரே ஒரு டாலர். பேருக்கு."

"லாயரைக் கேட்டுடறேன்மா."

"ஒரு டாலருக்கு லாயரா?"

கேட்டார். மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றார். வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு டாலரா இருந்தாலும் எம்ப்ளாய்மென்ட்தானாம். மனு பெண்டிங்ல இருக்கும்போது பண்ணாதீங்கன்னு கிளியரா சொல்லிட்டாரு."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"தெரியாமலும் போகலாம். ஆனா தெரிஞ்சா? நாலு வருஷமா நான் ஒரே சீட்ல உக்காந்திருக்கேன். மேனேஜர் கத்தறான், கேட்டுக்கறேன். பக்கத்து கம்பெனில கூப்பிடறாங்க, போக முடியல. போனா மறுபடி வரிசைல கடைசிலேர்ந்து நிக்கணும். நீ மட்டும்தான் மாட்டிக்கிட்டு இருக்கேன்னு நெனைக்கறியா?"

"நீங்க மாட்டிக்கிட்டதுக்காவது சம்பளம் தராங்க."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஷூவைக் கழற்றினார், ஒன்றை ஒன்றின் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார், உள்ளே போனார். மகள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். நான் அடுப்பின் முன் போய் நின்றேன். அடுப்புக்காரன் ஒருவன், கரி தள்ளுகிறவள் ஒருத்தி, இரண்டு பேருக்கும் கடல் தெரியவில்லை. யாராவது ஒருவர் ஒரு பக்கத்துக் கரியையே அள்ளினால் இந்த வீடு சாயும். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெரிந்திருந்ததுதான் கோபமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாரங்கிடம் போய், "என் பேரை எழுதாதீங்க," என்றேன்.

காரணம் கேட்டாள். சொன்னேன். ஒரு டாலரா என்று அவளும் கேட்டாள். ஒரு டாலர்கூட இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கப்பலில் வேலை பார்த்த சீனச் சமையல்காரர்களைப் பற்றிச் சொன்னாள். துறைமுகத்துக்கு வந்தால் மற்றவர்கள் எல்லாரும் ஊருக்குள் போவார்கள். சீனர்களைக் கரையில் இறங்க விடாமல் ஏறுபலகையில் ஓர் ஆள் காவல் நிற்பானாம். சமையல்கட்டு ஜன்னல் வழியாக சான்பிரான்சிஸ்கோவின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே அவர்கள் உருளைக்கிழங்கு உரித்திருப்பார்கள். அவர்களை இறங்க விடவில்லை. என்னை ஏறியிருக்க விடவில்லை. எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவளும் ஆறுதலுக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

"கரையிலேர்ந்து வடத்தை அவுத்துவிட ஆள் வேணும்," என்றாள் பிறகு. "அதுக்கு இன்சூரன்ஸ் ஒண்ணும் கேக்கல."

ஒரு சனிக்கிழமை காலை. கணவர் காரில் கொண்டுவிட வந்தார். அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் உப்பு, பால், பள்ளிக்கூடம் என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். இடுப்பில் பேஜர், சனிக்கிழமையிலும் இஸ்திரி போட்ட சட்டை. மகள் ஜாக்கெட்டுக்குள் கையை இழுத்துக்கொண்டு நின்றாள். தளத்தில் மற்ற தன்னார்வலர்கள், ஆளுக்கு ஒரு டாலர் மாலுமிகள், கையசைத்தார்கள். பின்பக்கத்து வடம் என்னுடையது. என் தொடைக் கனம், இரவெல்லாம் பனியில் நனைந்தது. இழுவைப் படகு கப்பலைக் கரையோடு நெருக்கியதும் வடம் தளர்ந்தது. சாரங்கு மேலிருந்து கையைக் காட்டினாள். கரையில் வடம் மாட்டியிருந்த இரும்புக் குத்துக்கட்டையிலிருந்து அதன் கண்ணியைத் தூக்கினேன். அது வரவில்லை. மறுபடி தூக்கினேன்.

பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் வந்தன. இஸ்திரி போட்ட சட்டைக் கைகள்.

"இது வேலையாயிடாதே?" என்றார் மூச்சுவாங்க.

"காசு தர மாட்டாங்க. பயப்படாம தூக்குங்க."

தூக்கினோம். வடம் குத்துக்கட்டையைத் தாண்டித் தண்ணீரில் விழுந்து, பாம்புபோல மேலே ஏறிப் போனது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு கை அகலம் தண்ணீர். பிறகு ஒரு ஆள் அகலம். பிறகு தாண்ட முடியாத அகலம். சத்தமே இல்லை. நான் வெள்ளை அடித்த கோடு என் கண்ணுக்கு நேரே நகர்ந்து போனது.

கணவர் தன் சட்டையைப் பார்த்தார். தாரும் துருவும். "போச்சு," என்றார். பிறகு, "பே பிரிட்ஜுக்கு அடியிலதானே போகும்? மேலேர்ந்து பாப்போமா?"

மெதுவாக இழுத்துப் போவதால் நேரம் இருந்தது. காரிலேயே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். "கேன் வி கோ ஹோம் நவ்?" என்றாள் மகள். "போலாம்டா, பாலத்தைச் சுத்திட்டு," என்றார் அவர்.

சான்பிரான்சிஸ்கோவுக்குப் போகும் அந்தப் பாலத்தில் வண்டிகள் நகர்ந்து நான் பார்த்ததில்லை. சிக்கிக்கொள்வோம், நிதானமாகப் பார்க்கலாம் என்று நம்பிப் போனோம். அன்றைக்கு, அன்றைக்கென்று, வண்டிகள் தடையில்லாமல் ஓடின. வலது ஓரத்துப் பாதையைப் பிடித்துக்கொண்டார். பாலத்தின் நடுவில் இருக்கும் தீவின் சுரங்கத்தைத் தாண்டியதும் கம்பிகளுக்கு நடுவே தெரிந்தது. முன்னால் ஒரு பூச்சிபோலப் படகு, பின்னால் அது, உயரமாக, காலியாக, எங்களை நோக்கி. தளத்தில் மனிதர்கள் இருந்தார்களா என்று தெரியவில்லை.

"நிறுத்துங்களேன்."

"பாலத்துல நிறுத்த முடியாதும்மா."

அடுத்த கம்பி. அதற்கடுத்த கம்பி. போய்விடும் என்று தெரிந்தது. அப்போது டக் டக் என்று ஒரு சத்தம். எமர்ஜென்சி விளக்கைப் போட்டிருந்தார். வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, நடந்து வருகிறவர் முந்திவிடலாம் போல. நான் அறிந்து, அந்த நாட்டில் எந்த விதியையும் மீறாதவர். பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்தினான், கையை எடுக்கவே இல்லை.

"வண்டி ரிப்பேர்னு நெனச்சுக்கட்டும்," என்றார், கண்ணாடியைப் பார்த்தபடி. கழுத்தில் வியர்வை. "பாரு. சீக்கிரம் பாரு."

இடுப்பில் பேஜர் அடித்தது. எடுக்கவில்லை. நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன், காற்று முகத்தில் அறைந்தது. கப்பல் எங்களுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கம் மறைந்தது, கொடிக்கம்பம் மறைந்தது, புகைபோக்கி மறைந்தது. பின்பக்கத்தில், தளத்தின் மேல் சுருண்டு கிடந்த ஈர வடம் ஒரு நொடி மினுங்கியது.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"போகவா?"

பின்னால் இரண்டாவது ஹாரனும் சேர்ந்துகொண்டது. "போங்க," என்றேன். விளக்கை அணைத்தார். டக் டக் நின்றது. எல்லா வண்டிகளோடும் சேர்ந்து நாங்களும் வேகமெடுத்தோம்.