வேண்டாம் என்று சொன்ன அறை

வீட்டு புரோக்கர்கள் பொய் சொல்லுவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எங்கள் தெரு புரோக்கரைப் பொறுத்தவரை இது அவதூறு. இருபத்தெட்டு வருஷத் தொழிலில் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. கதவு சரியாகச் சாத்தாத வீட்டை ‘நல்ல காற்றோட்டம்’ என்பார். பஸ் எட்டிப் பார்க்காத தெரு என்றால் ‘அமைதி’. வாடகைக்கு வந்தவருக்கு மீதி உண்மை தானாகத் தெரிந்துவிடும், அதற்கு எதற்கு அவர்?

எப்போதாவது, அவருக்கே சொல் கிடைக்காத வீடு ஒன்று வந்து சேரும். யார் தலையிலும் கட்ட முடியாது. வீட்டுக்காரரோ தினமும் போன் போட்டுக் குடைவார். அப்போது புரோக்கர் தானே குடும்பத்தோடு அங்கே குடிபோய்விடுவார். இப்படி அவர் மனைவி ஐந்து வீடு பார்த்துவிட்டார். ஐந்திலும் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் சுவர். இப்போது இருப்பது ஓர் அச்சகத்தின் சுவர். சாயங்காலம் ஆறு மணி வரை அதிரும்.

இந்த நிலையில், தன் பன்னிரண்டு ஃபிளாட்டுகளை ஒரே மாதத்தில் விற்றுக் கொடுத்ததில் மனம் குளிர்ந்த கட்டட முதலாளி ஒருவர், புரோக்கர் தம்பதிக்கு மூன்று இரவு சொகுசுக் கப்பல் பயணம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். ஏழாம் தளத்தில் எந்த அறையை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்.

மனைவி யோசிக்கவே இல்லை. “காலையில கண்ணு முழிச்சா, எந்திரிக்காம, படுத்தபடியே கடல் தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட முதல் ஜன்னல் அது.

புரோக்கர் பயண ஏஜென்சிக்குத் தனியாகவே போனார். மனைவியை வைத்துக்கொண்டு இடம் பேசுவது தொழிலுக்கு ஆகாது. அங்கிருந்த பெண் கப்பலின் வரைபடத்தை மேசையில் விரித்து, பன்னிரண்டாம் அறையைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள். எதிரே மறைப்பு இல்லை, கட்டிலும் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது என்றாள். புரோக்கர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எடுத்த எடுப்பில் காட்டுகிற வீடு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவருக்கா தெரியாது? நாற்பதாம் அறை எப்படி என்று கேட்டார்.

“அது வேண்டாம் சார். ஜன்னலுக்கு நேரா லைஃப் போட் தொங்குது. கடல் ஒரு சொட்டுகூடத் தெரியாது.”

புரோக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘சுவர்ல ஓதம் அடிக்குது சார், அதைப் பாக்காதீங்க’ என்று அவரே ஒரு வீட்டை ஒதுக்கினால், அதை வேறு யாருக்கோ பேசி வைத்திருக்கிறார் என்று பொருள். தன் சரக்கைத் தானே பழிக்கிற ஆளை அவர் பிழைப்பில் பார்த்ததில்லை. நாற்பதே வேண்டும் என்றார். பெண் மன்றாடினாள். உள்ளேயிருந்து மேனேஜர் வந்து அவரும் மன்றாடினார். இரண்டு பேர் சேர்ந்து தடுக்கிறார்கள் என்றால் அறை போகவேண்டிய இடம் பெரிய இடம்தான். கடைசியில், ‘ஜன்னல் மறைந்திருப்பது தெரிந்தே எடுக்கிறேன்’ என்று எழுதித் தரச் சொன்னார்கள். புரோக்கர் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதன் கீழே கோடும் இழுத்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தை விவரித்தபோது மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?”

“வேண்டாம்னுச்சு. அதுலதான் பிடிச்சேன்.”

மனைவி துணி மடிக்கப் போய்விட்டார்.

நாற்பதாம் அறையின் திரையைப் புரோக்கர் சர்ரென்று விலக்கினார். ஜன்னல் நிறைய ஆரஞ்சு நிறம். அதில் கறுப்பு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். “நூத்தம்பது பேர் உட்காரலாமாம்” என்றார். கப்பல் கிளம்பினால் படகு நகர்ந்துவிடும் என்று புரோக்கர் உறுதி சொன்னார். கப்பல் கிளம்பியது. படகும் கூடவே வந்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். தனியாக வந்தவர். மகள் ஆசைப்பட்டு ஒன்பதாம் தளத்தில் பால்கனி அறை எடுத்துக் கொடுத்திருந்தாள். டீச்சருக்கோ தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும். ராத்திரி முழுக்கத் திரைக்கு மேல் போர்வையையும் மாட்டி வைத்துவிட்டுத் தூங்கினாராம்.

புரோக்கர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். “எங்க ரூம்ல கடலே தெரியாதுங்க டீச்சர், மாத்திக்கலாமா?” என்றார்.

“கொஞ்சம்கூடவா?”

புரோக்கர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். சொந்த அறையை இப்படியா விட்டுக்கொடுப்பது? தொழில் புத்தி முந்திக்கொண்டது. “அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஓரமா எட்டிப் பாத்தா நல்லாவே தெரியும்” என்று இடையில் புகுந்தார்.

டீச்சரின் முகம் சுருங்கியது. “தெரியுமா? அப்ப வேண்டாம்மா” என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்க சும்மா இருங்க” என்று மனைவி கணவரை அடக்கினார். “டீச்சர், இவர் புரோக்கர். வாய் சும்மா இருக்காது. நீங்களே வந்து பாருங்க. கழுத்து சுளுக்கிக்கிட்டாலும் ஒண்ணும் தெரியாது.”

டீச்சர் வந்தார். ஜன்னலின் வலது ஓரம், இடது ஓரம், மேலே, கீழே என்று கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். நாலு பக்கமும் படகு. “இவ்வளவு நல்ல ரூமை எதுக்கும்மா விடுறீங்க?” என்று கேட்டபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வரவேற்பு மேசையில் இரண்டு தரப்பும் சம்மதம் சொன்னதும் சாவிகள் கை மாறின. கால் மணி நேரத்தில் முடிந்த காரியம். புரோக்கரின் சேவை எதுவும் அதில் தேவைப்படவில்லை.

ஒன்பதாம் தளத்து அறைக்குள் நுழைந்த புரோக்கர் முதல் வேலையாகச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு அலமாரிக் கதவு, அதன் பிறகு குளியலறைக் குழாய். “இவ்வளவு லேசா ஒருத்தர் விட்டாங்கன்னா இதுல ஏதோ இருக்கு” என்று உள்ளேயிருந்து எச்சரித்தார்.

காலை பத்து மணிக்கு அவர் மனைவி கட்டிலில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எண்ணிப் பத்து நொடி கழித்துத் திறந்தார். கடல் இருந்தது. மறுபடி மூடித் திறந்தார்.