காருக்கு ஒட்டிய பைபர்

நான் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். கடலோரம் பனித்திட்டில் வீடு. மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாது. அந்த இரண்டு மாதமும் உடைந்த கண்ணாடியிழைப் படகுகளுக்கு பைபர் ஒட்டுவேன். இரும்பு வேலை தெரியாது.

மனைவி பாகூரில் தெருத்தெருவாக மீன் விற்கிறாள். ஷேர் ஆட்டோவில் மீன் கூடையை ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். அதற்காகத்தான் ஒரு பழைய காரை வாங்கினேன். இன்ஜின் ஓடியது. பின் சீட்டைக் கழற்றினால் கீழே மணல் தெரிந்தது. தரை முழுக்கத் துரு தின்றிருந்தது.

“தடை முடியறதுக்குள்ள ஓடுமா?” என்றாள்.

“ஓடும்.”

“ஓடலனா காயலாங்கடைக்குத் தள்ளிடுவேன். கூடய தலையில வச்சி நடக்கறவ நான்தான்.”

படகுக்குச் செய்வதையே காருக்கும் செய்தேன். துருவைத் தேய்த்து, பைபர் பாய் விரித்து, மேலே ரெசின் பசை தடவினேன். மூன்றே நாளில் தரை வந்துவிட்டது. மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

கதவுக் கீல் ஒன்று மட்டும் பாக்கி. அதற்கு வெல்டிங் வேண்டும். மனைவியின் தம்பி கேட், கிரில் செய்கிறவன். வெல்டிங் மிஷினைக் கொண்டுவந்தான். நானே பிடிக்கிறேன் என்றேன். வெல்டிங் ராடு இரும்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஆட்டிப் பிடுங்கினேன். திரும்பவும் ஒட்டியது.

“இன்னா மாமா, மீனா குத்தற? தொட்டும் தொடாம இழு.”

இழுத்தேன். பொறி பறந்தது. பைபர் தரை பற்றிக்கொண்டது. ஒரே கறுப்புப் புகை. மணலை அள்ளிப் போட்டு அணைத்தோம். மச்சான் குனிந்து பார்த்தான்.

“யோவ் மாமா, பைபரா ஒட்டின? துடுப்பு எங்க வச்சிருக்க?”

எரிந்த ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். தோல் மாதிரி உரிந்தது. அடியில் ஈரம். பைபர் ஒட்டியிருந்தது துருவில், இரும்பில் இல்லை. படகில் பைபரோடு பைபர் சேரும். இங்கே எதோடு சேரும்? இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் வெட்டி எடுத்தேன். தடை முடிய பன்னிரண்டு நாள் இருந்தது.

சுத்தியால் தட்டித் தட்டி நல்ல இரும்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். நல்ல இரும்பு கணீரென்றது, செத்தது பொத்தென்றது. ஒரு உடைந்த பீரோவின் தகட்டை வெட்டி வைத்தேன். ராடு பட்டதும் தகடு உருகி விழுந்தது. அடைக்கப் போனால் இன்னும் பெரிதானது. மிஷினில் கரண்டைக் குறைத்தேன்.

“சேர்த்து இழுக்காம ஒரு பொட்டு வை மாமா. ஆறட்டும். அப்புறம் எதிர்ப்பக்கம் ஒண்ணு. அவசரப்பட்டா தகடு கோணிக்கும்.”

வைத்தேன். நகர்ந்தேன். வைத்தேன். ஒரு தடவை வெல்டிங் கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டேன். மறுநாள் முழுக்கக் கண்ணைத் திறக்க முடியவில்லை. உருகிய இரும்பு தண்ணீர் மாதிரி ஓடுவதை அப்படியாவது பார்த்தேன்.

தடை முடிந்து முதல் மீன் வந்தது. ஐஸோடு நான்கு கூடை ஏற்றினோம். மனைவி முன்னால் உட்கார்ந்தாள். நான் ஓட்டினேன். பாகூர் போகும் வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது பின்னால் ‘டக்’ என்றது.

நிறுத்திக் கீழே படுத்துப் பார்த்தேன். ஒரு வெல்டிங் பொட்டு விட்டிருந்தது. அந்த இடத்தில் பீரோவின் பெயிண்டை நான் சுரண்டவில்லை. பச்சையாகத் தெரிந்தது. பக்கத்துப் பொட்டுகளை விரலால் தடவினேன். பிடித்திருந்தன.

“வுழுமா?” மேலேயிருந்து கேட்டாள்.

“வுழாது.”

“அப்ப எழுந்து வாய்யா. மீனு காத்துக்கினு இருக்குமா?”