அக்கீமின் குளிர்ந்த கால்கள்

கிர்கிஸ்தானில் எங்கள் தோக்மோக் ஊர்ச் சந்தையில் கலீச்சா அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. கனலும் தந்தூர் அடுப்புக்குள் கையை விட்டு, அதன் உட்சுவரில் கறி வைத்த சம்சாக்களை ஒட்டிக்கொண்டே அடுத்த கடைக்காரியோடு வாய்ச்சண்டையும் போடுவாள். அந்த அடுத்த கடைக்காரி நான்தான். வெங்காயம் விற்கிறேன்.

அக்காவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண்கள் யாராவது இறந்துவிட்டால் உடலைக் கழுவ அவளைத்தான் கூப்பிடுவார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போவாள். முடித்து வெளியே வந்ததும், போனவர்களைப் போக விடுங்கள், அழுது பின்னால் இழுக்காதீர்கள் என்று வீட்டாரிடம் கறாராகச் சொல்வாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

ஒரு பனிக்காலத்தில், கறிக்கடை வரிசைக்குப் பின்னால் யாரோ கோணிப்பையில் கட்டி எறிந்திருந்த பூனைக்குட்டிகளை அக்கா அவிழ்த்தாள். ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அதைக் கம்பளிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டே அன்று முழுவதும் மாவு பிசைந்தாள். அது வளர்ந்து பெரிய சாம்பல் கடுவனாகி, தினமும் காலையில் தொந்தியை ஆட்டிக்கொண்டு கறிக்கடைகளைச் சுற்றி வந்தது. ஆளுக்கொரு துண்டு நுரையீரல் வைப்பார்கள். எந்த வேலையும் செய்யாமல் எல்லாரிடமும் வாங்கித் தின்கிறதே என்று, மாவட்ட அதிகாரியைச் சொல்லும் பெயரையே சந்தைக்காரர்கள் அதற்கும் வைத்துவிட்டார்கள். அக்கீம்.

சில வருஷம் கழித்து இலையுதிர்காலத்தில், சந்தை நிறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கீம் அலறியது. பூனை அப்படி அலறி நான் கேட்டதில்லை. மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து முன்னங்கால்களால் ஊர்ந்து வந்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணி மாதிரி தரையில் இழுபட்டன. கைவண்டி ஏறிவிட்டது என்றுதான் நினைத்தோம். அக்கா மேலங்கியைக் கழற்றி அதில் பூனையைச் சுருட்டினாள். அடுப்பில் இருந்த சம்சாக்கள் கருகிப் போயின.

மாட்டு டாக்டர் சபீர்பெக்கிடம் ஓடினோம். அவர் பின்னங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அக்காவின் விரலையும் பிடித்து அதன்மேல் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"சில்லுனு இருக்கு."

"ரத்தம் கட்டி அடைச்சிருக்கு, அக்கா. காலுக்கு ரத்தமே போகல. வலி தாங்காது இதுக்கு. ஒரு ஊசி போட்டு அனுப்பிடலாம். அதுதான் நல்லது."

"வேற ஊசி இல்லையா?"

தனக்கு ஆடு மாடுதான் தெரியும் என்றும், தலைநகர் பிஷ்கெக்கில் பூனை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் அவர் தயங்கிச் சொன்னார். நான் வெங்காயத்தை மருமகளிடம் விட்டுவிட்டு அக்காவோடு வேனில் ஏறினேன். வழியில் ஒருத்தி, பிள்ளையா என்று எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். வேறொரு நாளாயிருந்தால் அவளுடைய ஏழு தலைமுறையையும் அக்கா இழுத்திருப்பாள். அன்று அவள் தலையே நிமிரவில்லை.

பிஷ்கெக் டாக்டர் சின்னப் பெண். திரையில் பூனையின் இதயத்தைக் காட்டினாள். அது வெகுநாளாகவே வீங்கியிருந்ததாம். அங்கிருந்து புறப்பட்ட கட்டிதான் கால்களுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது என்றாள். பிழைப்பது அபூர்வம், பிழைத்தாலும் மறுபடி வரும், இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது என்றாள். மென்மையாகத்தான் சொன்னாள். அக்கா வலிமருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அதன்பிறகு அக்கா கடை திறக்கவில்லை. அடுப்பங்கரைத் தரையில் மெத்தை விரித்து, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பூனையின் கால்களோடு அணைத்து வைத்திருந்தாள். அதற்கு மூத்திரம் போகவேண்டிய நேரத்தில் வயிற்றை அழுத்தி, பழந்துணியில் ஏந்தினாள். அக்கீம் ஒன்றும் தின்னவில்லை. அவளுடைய கையை மட்டும் அவ்வப்போது நக்கியது. அவள் கணவர் ரிஸ்கெல்தி முதலில் பொறுத்துப் பார்த்தார். நான் பால் கொண்டுபோயிருந்தபோது அவருக்கு வாய் அடங்கவில்லை.

"எங்கம்மா போனப்பக்கூட நீ இப்படி உக்காரல."

"உங்கம்மா சொல்லிட்டுப் போனாங்க. கையப் புடிச்சு, போதும்டி, என்னை விட்டுடுன்னு சொன்னாங்க. இது ஒண்ணும் சொல்லலையே. இருக்கணுமா போகணுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டார்.

பிறகு ஒரு காலையில் இடது பாதம் லேசாக வெதுவெதுத்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். உண்மைதான். அக்கீம் ஆட்டுச் சாறு கொஞ்சம் குடித்தது. அன்று அக்கா முகம் கழுவி, தலைத்துணி மாற்றிக் கட்டி, நாளைக்கு மாவு பிசையலாம் என்றாள். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் மதியம் மறுபடி அதே அலறல். இந்தமுறை ஒரு முன்னங்காலும் செயலற்றுப் போயிருந்தது. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு சபீர்பெக்கிடம் நடந்தாள். வழியில் என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள். அவர் ஊசி போடும்போது அதன் தலையைத் தன் உள்ளங்கையில் வைத்திருந்தாள். முடிந்துவிட்டது என்று அவர் சொன்னபிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி, முழங்கையால் சூடு பார்த்தாள். சட்டைக் கையை மடித்தாள். பெண்களைக் கழுவுவதற்கு முன்னால் அவள் அப்படித்தான் செய்வாள். ரிஸ்கெல்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலீச்சா, அது பூனை. மனுஷருக்குச் செய்யறத அதுக்குச் செஞ்சா பாவம் வந்து சேரும்."

"தெரியும்," என்றாள். பேசினைத் தூக்கி, தண்ணீரைக் கொண்டுபோய் முற்றத்தில் கொட்டினாள். அவர்தான் குழி வெட்டினார். நிலம் இன்னும் உறையவில்லை. ஆனாலும் அவருக்கு மூச்சு வாங்கியது.

அக்கா மறுவாரம் கடை திறந்தாள். சம்சா அதே ருசிதான், குறையொன்றும் சொல்ல முடியாது. வாய்ச்சண்டைதான் போடுவதில்லை. நான் வேண்டுமென்றே என் கூடையை அவள் பக்கம் தள்ளி வைத்துப் பார்த்தேன். அவள் தன் பலகையை நகர்த்திக்கொண்டாள்.

கூட்டம் ஓய்ந்திருந்த ஒரு நாள், தானாகப் பேச்சை எடுத்தாள்.

"சபீர்பெக் முதல் நாளே சொன்னான் இல்ல, பர்ச்சின்? அப்பவே விட்டிருக்கணும். அது எனக்காகத்தான் அத்தனை நாள் வலிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. ஊர்ல எல்லாருக்கும் போக விடுங்கன்னு சொல்ற வாய் இது."

இல்லை அக்கா, கால் வெதுவெதுத்ததை நானும் தொட்டேனே, யாருக்குத் தெரியும் என்றேன். அவள் தலையசைத்தாள். நான் சொன்னதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. எனக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. அடுப்பு சூடேறிவிட்டது. அவள் கையை நனைத்துக்கொண்டு, சம்சா ஒட்டக் குனிந்தாள்.