ஜன்னல் பக்கம் வெள்ளம்

டிமென்ஷியா உள்ள முதியவரிடம் பேச ஒரு முறை உண்டு. முன்னால் வந்து கூப்பிட வேண்டும். கண்மட்டத்தில் உட்கார வேண்டும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். மறுத்துப் பேசக் கூடாது. ஓய்வு பெறும்வரை போடியில் நர்சிங் மாணவிகளுக்கு இதைத்தான் நடத்தினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

ஒருமுறை வார்டு போஸ்டிங்கில் ராமநாதபுரத்துப் பெண் பவித்ராவுக்கு ராமையா என்ற பெரியவரைக் கொடுத்திருந்தேன். மறதி நோய், கூடவே காய்ச்சல். மகன் வெளியே போயிருந்தார். பெரியவர் கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். "வெள்ளம், வெள்ளம்" என்று ஜன்னல் பக்கம் கைநீட்டினார். வெளியே குரங்கணி மலைமேல் மேகம் கறுத்துக் கிடந்தது.

டியூட்டி டாக்டர் எட்டிப் பார்த்தார். "விழுந்தா இடுப்பு போயிரும். அடங்கலைன்னா தூங்க ஊசி போட்டுரலாம்."

அந்த ஊசிக்குப் பிறகு எழுந்து நடக்காமல் படுத்த படுக்கையாகிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பவித்ராவுக்கும் அது தெரியும். "வேண்டாம் சார், நான் பேசிப் பாக்குறேன்."

பேசினாள். கண்மட்டம், மெல்லிய குரல், கையைப் பிடித்தல், எதையும் விடவில்லை.

"வெள்ளத்த நெனச்சுப் பயமா இருக்காய்யா?"

"வெள்ளம் ஆத்தா."

"மலையில உங்க ஆளுக இருக்காகளா?"

"வெள்ளம்…"

முழு மார்க் போடலாம் என்று நினைத்தேன். நான் தஞ்சாவூர்க்காரி. வெள்ளம் என்றால் எங்களுக்கும் ஊர் முழுகுவதுதான்.

பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை காய்ந்தது. ஜன்னல் திட்டில் வைத்திருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். பெரியவர் எட்டிப் பிடுங்கினார். ஒரு நொடி விழித்தவள், அவரை நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அவர் சொன்னார்: "இதுக்கா ஆத்தா இம்புட்டுப் பேச்சு?"

பிறகு தானே படுத்துத் தூங்கிவிட்டார். ஊசி தேவைப்படவில்லை.

சாயங்காலம் வந்த மகன் நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "அப்பாவுக்கு ஆயுசு பூராம் கேரளா ஏலக்காத் தோட்டத்துலதான டீச்சர் சோலி? அங்கிட்டுத் தண்ணிக்கு வெள்ளம்னுதான் சொல்லுவாக. நர்சம்மா வெள்ளத்துக்கு ஆறுதல் சொல்லுச்சாக்கும்?"

அடுத்த பேட்சில் பாடத்தை வேறுமாதிரி ஆரம்பித்தேன். "மனசில் என்ன பயம் என்று கேட்பதற்கு முன்னால், தாகமா, பசியா, மூத்திரம் வருகிறதா என்று பாருங்கள்."

முன்வரிசைப் பெண் கேட்டாள்: "மேடம், இது சிலபஸ்ல இருக்கா?"

"இல்லை."

பேனாவை மூடி வைத்தாள்.