எட்டாவது இலக்கம்

நடந்ததை அப்படியே சொல்கிறேன், கண்ணுகளா. ஒரு சொல்லும் கூட்டவில்லை. நடந்தது பட்டப்பகலில். யாருக்கு நடந்ததோ அந்த ராகினி, தெரணியகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றும் கொழுந்து பறிக்கிறாள். நேரம் கேட்டால் நிமிடம் பிசகாமல் சொல்வாள். அதற்கு மேல் கேட்டால் கூடையை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அவள் புருஷன் தினேஷ் பாலைவன நாடொன்றில் கட்டட வேலை. போன வருஷம் மழைக்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனோடு வேலை செய்த ஆஸிக் லீவில் வந்தவன், பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு போனை அவள் கையில் வைத்து, தினேஷ் தந்து அனுப்பியது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவளுடைய பழைய போன் பழுதாகி ஒரு மாதம். ஆசையோடு தன் சிம்மைப் போட்டாள். போன் ஏற்கவில்லை. அந்த நாட்டுக் கம்பெனிக்கென்றே பூட்டி விற்ற போன் அது. எட்டு இலக்கம் போட்டுத் திறந்தால்தான் வேறு சிம் வேலை செய்யும்.

திங்கட்கிழமை பின்னேரம் பக்கத்துக் காம்பிராவில், அதாவது அடுத்த அறையில், இருக்கும் ஷாமிளாவின் போனுக்குச் செய்தி வந்தது. தினேஷின் வேலைத்தளத்து ஆட்களை ஏற்றிப்போன வேன் புரண்டுவிட்டது. மூன்று பேர் உயிரோடு இல்லை. இரண்டு பேரின் பெயர் தெரிந்தது. மூன்றாவது ஆள் ஒரு இலங்கைத் தமிழ் ஆள். அவ்வளவுதான் தெரியும். தோட்டத்தில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. அந்தச் செய்தியோடு ஷாமிளாவின் போனும் செத்துப்போயிற்று.

ராகினி அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் தெரணியகலையில் ஜாபிரின் போன் கடைக்கு இறங்கினாள். அவருடைய போனிலிருந்து தினேஷை எடுத்துப் பார்த்தாள்; அவன் போன் அணைந்து கிடந்தது, இனி அவன் எடுத்தால் அவள் சிம்முக்குத்தான் வரும். ஜாபிர் போனுக்குச் சார்ஜ் போட்டு, அதன் தயாரிப்பு இலக்கத்தை அந்த நாட்டில் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். அஞ்சு தடவைதான் போடலாம் என்று அவளிடம் இரண்டு முறை சொன்னார்.

“அஞ்சும் பிழையாப் போனா, தங்கச்சி, இது போனில்ல. கல்லு.”

பாதையை மூடப்போகிறார்கள் என்று கடைசி பஸ் 1.20க்கே புறப்பட இருந்தது; ராகினி போனோடு ஏறிக்கொண்டாள். பூட்டைத் திறக்கும் இலக்கம் வந்தது 1.18க்கு. ஜாபிர் ஒரு அட்டைத்துண்டில் எழுதி, மழையில் ஓடிவந்து, பஸ் ஜன்னலுக்குள் திணித்தார்.

பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதியை நனைந்தபடி நடந்தாள். மூன்று மணிக்கு அவள் முதுகுக்குப் பின்னால் மலை இடிந்து ரோட்டில் விழுந்தது. இனித் திரும்பிப் போக வழியில்லை.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் மண்சரிவுக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். ஷாமிளா மட்டும் அவளுக்காகக் காத்து நின்றாள்.

“வாங்கக்கா. மேல மல பொளந்து கெடக்கு.”

“நீ போ புள்ள. டவரு என் வாசல்ல மட்டுந்தான் கெடைக்கும். அவரு இருக்காரா இல்லையான்னு தெரியாம எங்கயும் வரமாட்டேன்.”

ஷாமிளா போனாள். லயம் காலியாயிற்று. மூடுபனி வாசல்படி வரை வந்து நின்றது.

3.52. அட்டையை விரித்தாள். ஏழு இலக்கம் தெளிவாக இருந்தது. எட்டாவது மழையில் கரைந்து, நீலக் கறையாகக் கிடந்தது.

ஒன்றாக இருக்கும் என்று போட்டாள். பிழை. மீதி நான்கு.

ஏழு போட்டாள். மீதி மூன்று.

4.05. முருகனைக் கும்பிட்டு ஒன்பது. மீதி இரண்டு.

4.11. இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். கண்ணைத் திறந்தபோது...

மீதி ஒன்று.

இன்னும் ஆறு இலக்கம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை இருக்கிறது. போனை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

அப்போதுதான் சூட்டை உணர்ந்தாள். போன் வெயிலில் கிடந்ததுபோல் கொதித்தது. சார்ஜ் குத்துகிற துளையிலிருந்து என்னவோ உதிர்ந்தது.

மணல். காய்ந்த மணல்.

ஊரே நனைந்து கிடந்தது, கண்ணுகளா. அது மட்டும் காய்ந்திருந்தது.

4.16. போன் அடித்தது.

டவர்க் கோடு ஒன்றுகூட இல்லை. இலக்கமும் இல்லை. அடித்தது.

“நீங்களா...?” என்றாள்.

காற்றுச் சத்தம். நீண்ட காற்று. பிறகு ஒரு ஆண் குரல். தினேஷ் இல்லை.

“மூணு.”

“யாரு?”

“மூணு போடுங்கக்கா... ஊட்டுக்குப் பேசணும்.”

அறுந்தது.

பிழையானால் கல்லு.

மூன்று.

திறந்தது.

ஒரு கோடு. இரண்டு கோடு. அவள் தொடவில்லை. போன் தானாக ஒரு இலக்கத்தை அடித்தது. அவளுக்குத் தெரியாத இலக்கம். 4.19.

ஒரு முறை அடித்தது... இரண்டு... மூன்று...

“ராசா?” வயதான பெண் குரல்.

“அம்மா. சாப்டீங்களா?” மூணு என்று சொன்ன அதே ஆண் குரல்.

“சாப்டேன்யா. எங்க இருக்க?”

“வந்துக்கிட்டு இருக்கேம்மா.”

“வா. கதவு தெறந்துதான் இருக்கு.”

அதன்பிறகு பேச்சில்லை. இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் மட்டும்.

ராகினியால் போனைக் கீழே வைக்க முடியவில்லை.

4.25. அழைப்பு நின்றது.

4.31க்கு மறுபடி அடித்தது. இந்த முறை தினேஷ். உயிரோடு. ஆஸ்பத்திரியில் யாருடைய போனிலோ இருந்து அவளைப் பிடிக்க நேற்று முழுவதும் முயன்றிருக்கிறான். மூன்றாவது ஆள் தன்னோடு ஒரே அறையில் இருந்த, றக்வானை ஊர்த் தனுஷன் என்று சொல்லி அழுதான்.

“அந்த போனு அவன் அவங்கம்மாக்கு வாங்குனது. நீ கொண்டு போய்க் குடுக்கணும்னு ஆஸிக்கிட்ட சொன்னேனே. சொல்லலயா?”

பாதை திறக்க ஒன்பது நாள் ஆயிற்று. போனைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ராகினி றக்வானைக்குப் போனாள். தனுஷனின் வீட்டில் அவன் மாமா இராமையா வாசலுக்கு வந்தார். அம்மா எங்கே என்று கேட்டாள். அவர் சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டினார். மகன் போன செய்தி கேட்டுத்தானா என்று ராகினி கேட்டாள். இராமையா தலையாட்டி மறுத்தார்.

“அக்கா போனது அவன் போறதுக்கு முந்துன சனிக்கெழம. தனுஷனுக்கு லீவு கெடைக்காது, தெரிஞ்சா அங்கயே ஒடஞ்சு போயிருவான்னு நாங்க சொல்லல. அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.”

ராகினி போனைத் திறந்து காட்டினாள். செவ்வாய், 4.19. பேசியது ஆறு நிமிடம் எட்டு விநாடி.

இராமையா இலக்கத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, அது அக்காவுடைய இலக்கம்தான் என்றார்.

அந்த அம்மாவின் போன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று ராகினி கேட்டாள்.

“மகன் பேசுற போனுன்னு சாகும்போதும் வுடல. வெரல விரிக்க முடியலம்மா. ஞாயித்துக்கெழம அப்புடியே கையோட பொதச்சிட்டோம்.”